சட்பரிக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு கேம்ப்: வருடம் முழுக்க அங்கே என்ன நடக்கும்?

கேள்வி இது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு குடும்பம், போன ஜூலையில் வடக்கு ஒன்ராறியோவின் சட்பரி நகரத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் நண்பர் ஒருவரின் கேம்பில், அதாவது லீவு வீட்டில், ஒரு வாரம் தங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் திரும்பி வர மனமில்லை. இப்போது அதே ஏரியில் ஒரு கேம்ப் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா, வருடம் முழுக்கப் போய்வர முடியுமா, எந்தப் பருவத்தில் என்ன வேலை, சிறுபிள்ளைகளோடு சரிவருமா என்று கேட்டிருக்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் ஜூலையில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மே மாதக் கடைசியில் ஒரு தடவையும் நவம்பர் நடுவில் ஒரு தடவையும் போய் இரண்டு இரவாவது தங்கிப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆசையாக வாங்கிய கேம்பை மூன்றாம் நான்காம் வருடம் விற்றுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களை விரட்டியது குளிர் இல்லை. எதிர்பாராத வேலையும், எதிர்பாராத மாதங்களில் போக முடியாமல் போனதும்தான்.

வடக்கு ஒன்ராறியோவில் கேம்ப் என்றால் கூடாரம் இல்லை. முஸ்கோக்கா பக்கத்தில் கொட்டேஜ் என்பதை இங்கே கேம்ப் என்பார்கள். ஆனால் முஸ்கோக்காவின் பெரிய வீடுகளை நினைத்துக்கொண்டு வரக்கூடாது. பழைய கேம்ப் என்றால் ஒரு சமையலறை, ஒன்றிரண்டு படுக்கையறை, நடுவில் விறகு அடுப்பு, பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிக் கழிப்பறை, தண்ணீரை ஒட்டி ஒரு சவுனா (விறகு மூட்டிச் சூடாக்கும் நீராவி அறை), ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு டொக் (படகு கட்டும் மேடை). சுரங்கத்திலும் ரயில்வேயிலும் மரத்தொழிலிலும் வேலை செய்தவர்கள் லீவு நாட்களில் தங்கள் கையாலேயே கட்டியவை நிறைய. அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். குழாய் எங்கே போகிறது, வயர் எங்கே ஓடுகிறது என்பது பல இடங்களில் கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து சட்பரிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். நான்கு, நாலரை மணி நேரம் ஓட வேண்டும். கிரேட்டர் சட்பரியின் நகர எல்லைக்குள் மட்டும் 330 ஏரிகள் இருக்கின்றன. அதைத் தாண்டி வடக்கே போனால் எண்ணி முடியாது. விளம்பரத்தில் ஏரியின் படத்தைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, கேம்புக்கு எப்படிப் போவது என்பதுதான். சிலவற்றுக்குத் தார் ரோடு வாசல் வரை வரும். சிலவற்றுக்குக் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிரவல் பாதை. சிலவற்றுக்குப் படகு மட்டும்தான். ரயிலில் மட்டும் போகக்கூடிய கேம்புகளும் உண்டு. சட்பரியிலிருந்து வைட் ரிவர் வரை வியா ரயில் ஓட்டும் சின்ன வண்டி ஒன்று இருக்கிறது. பட் கார் என்பார்கள். வாரத்துக்கு மூன்று தடவை போகும். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் காட்டுக்கு நடுவே, உங்கள் கேம்ப் இருக்கும் இடத்திலேயே நிறுத்தி, கனூவையும் சாமான்களையும் இறக்கிவிட்டுப் போகும். கனடாவில் இன்றும் இப்படி ஒரு ரயில் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் முதல் கேம்பை அந்தப் பாதையில் வாங்க வேண்டாம்.

ஏன் பாதையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், அங்கே வருடத்தைப் பங்கிடுவது இரண்டு நாட்கள்: ஏரியில் ஐஸ் போகும் நாள், ஐஸ் கட்டும் நாள். சட்பரிப் பக்கம் ஐஸ் போவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில். கட்டுவது நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில். சின்ன ஏரி முந்தும், பெரிய ஆழமான ஏரி பிந்தும். இந்த இரண்டு நாட்களுக்கும் முன்னும் பின்னும் சில வாரங்கள் ஏரியைக் கடக்கவே முடியாது. படகு விட ஐஸ் தடுக்கும். நடக்க அந்த ஐஸ் தாங்காது. படகால் மட்டும் போகும் கேம்ப் என்றால் அந்த வாரங்களில் கூரை விழுந்தாலும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். பழைய கேம்புகள் பலவற்றில் பம்ப் அறைக் கதவின் உட்புறத்தில் ஒவ்வொரு வருடமும் ஐஸ் போன தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் கேம்பிலும் இருந்தால் நின்று வாசியுங்கள். விற்பவர் சொல்வதைவிட அந்தக் கதவு கூடுதலாகச் சொல்லும்.

ஐஸ் போவதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஏப்ரலில் வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். மேலே பார்க்க அரை மீட்டர் தடிப்பு இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது உள்ளுக்குள்ளே செங்குத்தான நீளக் குச்சிகளாகப் பிரிந்துவிட்டிருக்கும். காலால் தட்டினால் கண்ணாடி வளையல் நொறுங்கும் சத்தத்தோடு கொட்டும். அந்த நிலையில் தடிப்பை நம்பி ஒருவரும் காலை வைக்கக்கூடாது. பிறகு ஒரு நாள் தெற்குக் காற்று பலமாக அடிக்கும். காலையில் ஐஸாக இருந்த ஏரி மாலையில் திறந்த தண்ணீர். அன்றைக்கோ மறுநாளோ லூன் பறவைகள் வந்து இறங்கிவிடும். நம்முடைய ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் அதே பறவை. பக்கத்தில் திறந்த ஆறுகளில் காத்திருந்து, ஏரி திறந்தவுடன் வருகின்றன. இரவில் அவை கூப்பிடும் சத்தத்தைக் கேட்டு முதல் தடவை பயப்படாத பிள்ளை இல்லை.

மே 24 வார இறுதி என்று எல்லோரும் சொல்லும் விக்டோரியா தின லீவில்தான் பெரும்பாலான கேம்புகள் திறக்கும். முதலில் கூரை, புகைபோக்கி, விழுந்த மரங்கள் பார்க்க வேண்டும். பிறகு எலி. குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்திருக்கும். எச்சத்தை உலர விட்டுத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊற வைத்து, மாஸ்க் போட்டுத் துடையுங்கள்.

அப்புறம் தண்ணீர். பம்ப் அறைக்குள் ஒரு பம்ப் இருக்கும். அதிலிருந்து ஒரு கறுத்த பிளாஸ்டிக் குழாய் ஏரிக்குள் போகும். அதன் நுனியில் ஒரு ஃபுட் வால்வு, அதாவது தண்ணீரை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு, சல்லடையோடு. குழாயைக் கல் கட்டி ஏரியில் இறக்கிவிட்டு, பம்பின் மேலிருக்கும் மூடியைக் கழற்றி, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். குமிழி வரும், நின்று நின்று வரும். குமிழி முற்றாக நிற்கும்வரை ஊற்றி, திருகுக்கு டேப் சுற்றி மூடி, பிறகுதான் சுவிட்ச். கேஜில் முள் ஏறினால் சந்தோஷம். ஏறவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஃபுட் வால்வில் ஒரு மணல் துகள் சிக்கி அது மூடாமல் இருக்கிறது. திரும்பவும் குழாயை வெளியே இழுக்க வேண்டும், அதுவும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு. மே மாதக் கேம்ப் என்றால் இந்த வேலைதான். மணிக்கணக்காகலாம். இதைப் பொறுமையாகச் செய்ய உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மே மாதம் வெளியே 25 பாகை வெயில் அடிக்கும், ஆட்கள் டீ சேர்ட்டோடு படகில் போவார்கள். ஏரித் தண்ணீர் அப்போது பத்துப் பாகையைக்கூடத் தொட்டிருக்காது. விழுந்தவுடன் மூச்சு இழுத்துக்கொண்டு திணறும். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கை கால் சொல்வதைக் கேட்கும் நேரம் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். உடல் குளிர்வதற்கு முன்பே மூழ்கிப் போகிறவர்கள் நிறையப் பேர், நீச்சல் தெரிந்தவர்களும்கூட. படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். மோட்டார் படகு ஓட்டுவதற்கு ஓப்பரேட்டர் கார்டும் வேண்டும். ஒன்லைனில் படித்துப் பரீட்சை எழுதலாம்.

மே மாதக் கடைசியில் போகச் சொன்னதற்கு முக்கிய காரணம் கருப்பு ஈ. பிளாக் ஃபிளை என்பார்கள். மே நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரை. இது அழுக்குத் தண்ணீரில் வளர்வது இல்லை. ஓடுகிற சுத்தமான ஆற்றிலும் ஓடையிலும் கல்லைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. அதனால் இடம் எவ்வளவு வடிவோ அவ்வளவு ஈ. பகலில் மட்டும் கடிக்கும். காதுக்குப் பின்னால், தலைமுடி தொடங்கும் இடத்தில், காற்சட்டை விளிம்புக்குக் கீழே. கடித்தது தெரியாது, கையை வைத்தால் இரத்தம். சில பிள்ளைகளுக்குக் கண் மூடும் அளவுக்கு வீங்கும். கடும் நீலம், கறுப்பு உடுப்பு போட வேண்டாம், வெளிர் நிறம் போடுங்கள், தலைக்கு வலை போடுங்கள். வீட்டுக்குள் வந்தால் அது கடிக்காது, ஜன்னலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நுளம்பு, ஜூலையில் பெரிய மான் ஈ. ஜூலைக் கடைசியில் எல்லாம் குறையும். நீங்கள் அங்கே தங்கியிருந்த வாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோடையைப் பற்றி உங்களுக்குத் தெரியும், நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஜூன் கடைசியில் கிட்டத்தட்ட 15¾ மணி நேரம் வெளிச்சம். பிக்கரல் மீன் பிடிப்பது மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கும். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். பிக்கரல் சதை மிருதுவானது. குழம்பில் போட்டுக் கிளறினால் கரைந்துபோகும். மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரிப்பதுதான் அதற்கு மரியாதை. பெரிய மீன் கிடைத்தால் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். வயதான பெரிய பிக்கரலிலும் பைக் என்ற மீனிலும் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஒன்ராறியோ அரசு தான் சோதித்த ஒவ்வொரு ஏரிக்கும் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி அளவு.

ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து அல்லது வடிகட்டி, புற ஊதா விளக்கு வைத்த கருவியில் விட்டுக் குடிக்கலாம். ஆனால் கோடைக் கடைசியில் தண்ணீரில் பச்சை பெயிண்ட் ஊற்றியதுபோலப் படர்ந்தால் அது நீலப்பச்சைப் பாசி. கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. குடிக்கவோ குளிக்கவோ கூடாது.

ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் புளூபெரி. சட்பரியின் புளூபெரி பெயர் பெற்றது, அதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. நிக்கல், செம்பு உருக்கிய ஆலைகளின் கந்தகப் புகை பல பத்தாண்டுகளாகக் காட்டை அழித்து, மண்ணைப் புளிப்பாக்கி, பாறையை மொட்டையாக்கி விட்டது. மற்றச் செடிகள் வராத அந்தப் புளிப்பு மண்ணில் புளூபெரி செழித்தது. ஆயிரக்கணக்கான ஏரிகள் அமில மழையால் கெட்டன, பலவற்றில் மீன் அற்றுப் போனது. 1972-ல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள்; அது புகையைத் தூரத்துக்கு அனுப்பியதே தவிர இல்லாமல் ஆக்கவில்லை. பிறகு சட்டம் இறுக, கந்தகம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் குறைந்தது. 1978 முதல் நகரம் மொட்டைப் பாறைகளில் சுண்ணாம்பு தூவி, புல் விதைத்து, மரம் நட்டது. மாணவர்களும் வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்களும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைத் தோளில் சுமந்து மலை ஏறினார்கள். பல ஏரிகளுக்கு மீன் திரும்பி வந்திருக்கிறது. மனிதர்கள் கெடுத்ததை மனிதர்களே இவ்வளவு தூரம் மீட்ட இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. உங்கள் பிள்ளைகள் அங்கே குளிக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு குளிக்கட்டும்.

புளூபெரி இருக்கும் இடத்தில் கரடியும் இருக்கும். கருங்கரடி ஆளைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடித்தான் வரும். குப்பையை வெளியே வைக்காமல், கிரில் எண்ணெயைத் துடைத்து, போகும்போதெல்லாம் குப்பையை டம்ப்புக்குக் கொண்டுபோனால் போதும். மீன் வெட்டிய கழிவைக் கரையில் போடுவதும், மீன் குழம்புச் சட்டியை வெளிப் படியில் ஊற வைப்பதும் அதற்கு அனுப்பும் அழைப்பு.

கோடையிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலையை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள்: விறகு. இந்த வருடம் பிளந்த விறகு அடுத்த வருடத்துக்குத்தான். பச்சை விறகை எரித்தால் சூடு வராது, புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். மஞ்சள் பேர்ச், மேப்பிள் கிடைத்தால் நல்லது. வெள்ளைப் பேர்ச் நிறையக் கிடைக்கும், ஆனால் அதன் பட்டை ஈரத்தை வெளியே விடாது. வெட்டிய கையோடு பிளக்காவிட்டால் உள்ளேயே உக்கிவிடும். பொப்லர் சீக்கிரம் எரிந்து முடியும், இலையுதிர்கால மாலைக்குப் போதும். ரொறன்ரோவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு இப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. வெளியில் நெருப்பு மூட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு: ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை காட்டுத்தீப் பருவம், வறட்சியில் முழுத் தடையும் வரும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் மிக நல்ல மாதம். ஈ இல்லை, நுளம்பு இல்லை, தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம், கடைசி வாரத்தில் மேப்பிளும் பேர்ச்சும் நிறம் மாறும், இரவில் வானம் தெளிந்தால் சில நாட்களில் வட துருவ ஒளியும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கிவிடுவதால் பிள்ளைகள் உள்ளவர்கள் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பி வாருங்கள். அக்டோபரில் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டை; காட்டுப் பாதையில் நடக்கும்போது பிள்ளைகளுக்கும் நாய்க்கும் செம்மஞ்சள் நிற உடுப்பு போடுங்கள்.

தேங்க்ஸ்கிவிங் லீவோடு, அதாவது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி, கேம்பை மூட வேண்டும். இந்த ஒரு நாள் வேலையைச் சரியாகச் செய்யாதவருக்கு மே மாதம் பெரிய செலவு. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். குழாயின் ஒரு வளைவில் ஒரு கிண்ணம் தண்ணீர் தங்கினால் போதும், செம்புக் குழாய் வெடிக்கும். வெடித்தது அன்றைக்குத் தெரியாது, மே மாதம் பம்பைப் போடும்போது சுவருக்குள்ளிருந்து வழியும். ஆகவே முதலில் சுடுதண்ணீர் டாங்கின் கரண்டை நிறுத்துங்கள். நிறுத்தாமல் தண்ணீரை வடித்தால் உள்ளிருக்கும் எலிமென்ட் எரிந்துவிடும். பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்து, டாங்கை வடித்து, பம்பின் அடிமூடியைக் கழற்றி, ஏரிக் குழாயை வெளியே இழுத்துச் சுருட்டுங்கள். சிங்க், ஷவர், கழிப்பறை எல்லாவற்றின் வளைவிலும் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் (எளிதில் உறையாத திரவம்) ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது நஞ்சு, அதைத் தொடாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கென்று தனியாக விற்கும். குழாய்களைத் திறந்தபடியே விட்டுப் போங்கள்.

பிறகு டொக். ஐஸ் கட்டும்போதும் உடையும்போதும் அதன் தள்ளு மிகப் பலமானது. கரையோரப் பாறைகளையே நகர்த்தும். இரும்புக் கால் டொக்கைக் கழற்றிக் கரையில் ஏற்ற வேண்டும். மிதக்கும் டொக்கை ஒதுக்கமான குடாவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். மரப்பெட்டிக்குள் கல் நிரப்பிய பழைய டொக்குகள் மட்டும் அப்படியே நிற்கும், அதுவும் வருடத்துக்கு ஒரு விரலளவு சாய்ந்துகொண்டு. இதற்கு நான்கு ஆட்கள் வேண்டும். உங்கள் டொக்குக்குப் பக்கத்துக் கேம்பார் வருவார்கள், அவர்களுடையதற்கு நீங்கள் போக வேண்டும். சாப்பாட்டுச் சாமான்களில் அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோங்கள், அல்லது தகர டின்னில் இறுக்கி மூடுங்கள். பிளாஸ்டிக்கை எலி ஓட்டை போடும். தேங்காய்ப்பால் டின்னை விட்டுப் போனால் அது உறைந்து பிதுங்கும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து கட்டை வைத்துவிடுங்கள். சுவரில் விரல் நுழையும் ஓட்டை எங்கே இருந்தாலும் ஸ்டீல் வூல் அடைத்துவிடுங்கள்.

நவம்பரில் போகச் சொன்னது ஏனென்றால், அப்போது அந்த இடத்தில் அழகு என்று ஒன்றும் மிச்சமிருக்காது. இலை கிடையாது, ஸ்னோ இன்னும் நிலைக்காது, நாலரை ஐந்து மணிக்கே இருட்டு, மழையும் ஐஸும் கலந்து அடிக்கும், குழாய் மூடியிருப்பதால் ஏரியிலிருந்து வாளியில் தண்ணீர் எடுக்க வேண்டும். அடுப்பு நன்றாக எரிகிறதா, ஜன்னலில் காற்று வருகிறதா, பாதையில் சேறு எவ்வளவு, கைப்பேசி வேலை செய்கிறதா, வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் இரண்டு நாள் சண்டை போடாமல் இருப்பீர்களா, எல்லாம் தெரிந்துவிடும்.

குளிர்காலத்திலும் போகலாம், ஆனால் அது வேறு வாழ்க்கை. கிராமப் பாதைகள் பலவற்றில் ஸ்னோ தள்ள மாட்டார்கள், கடைசிப் பகுதிக்கு ஸ்னோமொபைல் அல்லது நடை. மைனஸ் 30 வரை இறங்கும் இரவுகளும் உண்டு. வாரக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கேம்புக்குள் நுழைந்தால் வெளியைவிடக் குளிராக இருக்கும். மெத்தை, சட்டி, கரண்டி எல்லாவற்றிலும் குளிர் ஏறியிருக்கும், விறகு அடுப்பு அதை மாற்ற ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். பழகியவர்கள் முதலில் சவுனாவை மூட்டுவார்கள். அறை சின்னது, ஒரு மணி நேரத்தில் சூடாகும், பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துவிட்டுக் கேம்பை மெதுவாகச் சூடாக்கலாம். இந்தச் சவுனாப் பழக்கம் சுரங்கத்துக்கும் காட்டு வேலைக்கும் வந்த பின்லாந்துக்காரர்கள் கொடுத்தது. இப்போது அது வடக்கில் எல்லோருடையதும்.

ஐஸ் விஷயத்தில் யாருடைய தைரியத்தையும் நம்பாதீர்கள். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தெளிவான நீல ஐஸ் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவர் நடக்கலாம், ஸ்னோமொபைலுக்கு 25. வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான், ஆகவே இரண்டு மடங்கு வேண்டும். ஆறு வந்து சேரும் இடம், இரு கரையும் நெருங்கும் ஒடுக்கம், டொக்கைச் சுற்றி, எல்லாம் மெல்லியது. பெரிய ஸ்னோ விழுந்த பிறகு அதன் பாரத்தில் ஐஸ் கீழே அமுங்கித் தண்ணீர் மேலே வந்து ஸ்னோவுக்கு அடியில் கூழாக நிற்கும். மேலே பார்க்கத் தெரியாது. ஸ்னோமொபைல் அதில் புதைந்து உறைந்துபோகும். கடும் குளிர் இரவில் ஏரி ஒரு கரையிலிருந்து மறுகரைவரை முழங்கும். அது உடையும் சத்தம் இல்லை, ஐஸ் தடித்து இறுகி விரிசல் ஓடும் சத்தம். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

சட்ட விஷயங்கள் சுருக்கமாக. அந்த இடம் நகராட்சிக்குள் வருகிறதா, அமைப்பற்ற டவுன்ஷிப்பா, அதாவது நகராட்சி இல்லாத பகுதியா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் மாகாணத்துக்கு நிலவரி கட்டுவீர்கள், வரி குறைவு, ஆனால் குப்பை வண்டியும் தீயணைப்பும் பக்கத்தில் இருக்காது, பாதையை ஒரு உள்ளூர்ப் பாதைச் சபை பார்க்கும். கழிவுநீருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்ற காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். கழிவுநீரை மண்ணில் வடிக்கும் செப்டிக் படுக்கை ஏரியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விறகு அடுப்பு பாதுகாப்பானது என்று பரிசோதகர் பார்த்துத் தரும் வெட் (WETT) சான்றிதழ் இல்லாவிட்டால் காப்புறுதி எடுப்பது கஷ்டம். விற்பவரின் நிலம் தண்ணீர் விளிம்புவரை வருகிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். பல ஏரிகளில் கரையோரம் 66 அடி பொதுப் பாதைக்காக ஒதுக்கியது. டொக்கும் சவுனாவும் அதன் மேல் நிற்கலாம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது 1850-ன் ராபின்சன்-ஹியூரன் உடன்படிக்கை நிலம், அனிஷினாபே மக்களுடையது. அந்த உடன்படிக்கைப்படி ஆளுக்கு வருடத்துக்கு நான்கு டொலர் என்று 1875-ல் நின்ற தொகை உயரவே இல்லை. 2023-ல்தான் கடந்த காலத்துக்காக 10 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்குக் கனடா, ஒன்ராறியோ அரசுகள் இணங்கின. நிலம் இழப்பது என்ன என்று தெரிந்த நாம், கரையில் ஒரு துண்டு வாங்கும்போது அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கக்கூடாது. வனபிட்டே ஏரிக்கரையில் அந்தப் பெயரில் முதற்குடிகளின் சமூகம் இன்றும் வாழ்கிறது.

பிள்ளைகளுக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு: சரிவரும், நீச்சல் பழக்கினால். இந்தக் குளிர்காலத்திலேயே ஸ்காபரோவில் சமூக நிலையத்தில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் இருவரும் சேருங்கள். நம்மில் பலர் ஊரில் கடலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள். சலிப்பு வருமா என்றால், முதல் இரண்டு நாள் வரும். மூன்றாம் நாள் அவர்களே தவளை பிடிக்கப் போவார்கள்.

காசு இன்னும் சேரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒன்ராறியோவின் 87 வீதம் அரசு நிலம். கனடாவில் வசிப்பவர்கள் அதில் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் போடலாம். அதே ஏரியில் அரசு நிலக் கரை இருந்தால், வாங்காமலேயே ஒரு மே மாதத்தையும் ஒரு செப்டம்பரையும் பார்த்துவிடலாம்.

வாங்குவதென்று முடிவானால், விற்பவர் இந்த அக்டோபரில் மூடும் நாளன்று உங்களையும் கூட நிற்க விடுவாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு வால்வையும் போனில் படம் எடுத்து, எது முதலில், எது பிறகு என்று அவர் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகப் போடச் சொல்லி வக்கீலிடம் கேட்கலாம்.